இருபது நிமிஷத்துல நானே கூப்பிடறேன்

ராத்திரி பத்தே கால். கிடங்குங்களுக்குப் பின்னாடி போற ரோடு... ஒரு பக்கம் நீள மதில், இன்னொரு பக்கம் கம்பி வேலி. நடுவுல ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் நினைச்சா எரியும், நினைச்சா அணையும். கடைசி பஸ் இறக்கி விட்டுட்டுப் போயாச்சு. அந்த ரோட்டுல ஒரு மனுஷன் தனியா நடந்து வர்றார். கக்கத்துல ஒரு அட்டைப்பெட்டி. உள்ள புது லேப்டாப்.

கிட்ட வாங்க எல்லாரும். சிஸ்டம் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு கீழ சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் ஒரு கால் கூட வராது, ஹெட்செட்டைக் கழட்டி வைங்க. அந்த எமர்ஜென்சி விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு... கண்ணு கூசுது.

அந்த மனுஷன் யாருன்னா, என் ஃப்ரெண்டோட அத்தான். அவனோட அக்கா வீட்டுக்காரர். பழகிப் பழகி நானும் அத்தான், அக்கான்னுதான் கூப்பிடுவேன். அவர் நம்ம ஆபீஸ்தான். இதே மாடி, அதோ அந்த ஜன்னலோரச் சீட்டு. நீங்கல்லாம் சேர்றதுக்கு முன்னாடி. இங்க அவருக்குப் பட்டப்பேரு மின்னல். நெட் ஸ்லோன்னு யார் கூப்பிட்டாலும் ஆறு நிமிஷத்துக்குள்ள பேசி முடிச்சு அனுப்பிடுவார். நமக்கெல்லாம் பன்னெண்டு, பதினஞ்சுன்னு இழுத்துட்டுக் கிடக்கும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். அத்தான் பாதி தூரம் வந்திருப்பார்... சட்டைப் பையில போன் அடிக்குது. எடுத்துப் பார்த்தார். நம்பர் வரல. தெரியாத எண்ணுன்னு மட்டும் வந்துச்சு. அவர் எடுக்கல. முழுசா அடிச்சு ஓஞ்சுது. பத்து அடி வச்சிருப்பார், மறுபடியும் அடிச்சுது. அந்த மதில்ல பட்டு அந்தச் சத்தம் ரெண்டா கேட்டுச்சாம். அப்பவும் எடுக்கல. ரெண்டு மாசமா அவர் அப்படித்தான். ஆபீஸ்ல நாளெல்லாம் போன் எடுக்கிற ஆளு, வெளியில வந்துட்டா பெத்த அம்மா கூப்பிட்டாலும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் எடுப்பார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் நேர் எதிர்ல சுவத்துல ஒரு சட்டம் போட்ட சான்றிதழ். இந்த மாசத்தின் சிறந்த ஊழியர்னு, அவர் பேரு போட்டு. அக்காதான் தன் கையால ஆணி அடிச்சு மாட்டினாங்க. உள்ள வர்றவங்க கண்ணுல முதல்ல அதுதான் படணும்னு. அத்தான் தினமும் செருப்பைக் கழட்டறப்ப தலையைக் குனிஞ்சே இருப்பார், உள்ள போறவரைக்கும் நிமிர மாட்டார். அசதின்னு நினைச்சுக்கிட்டாங்க அக்கா.

அந்தச் சான்றிதழோட சேர்த்துக் கொடுத்த பரிசுதான் அந்த லேப்டாப். ஆனா ரெண்டு மாசமா அது வீட்டுக்கு வரல. 'இன்னும் தரல, ஆர்டர் போட்டிருக்காங்க'ன்னு அத்தான் சொல்லிட்டே இருந்தார். பொய். நம்ம லாக்கர் ரூம்லதான் இருந்துச்சு, பிரிக்காம. அன்னிக்கு வேற வழியில்லாம எடுத்துட்டு வந்தார். ஏன்னா மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு அக்காவுக்கு ஒரு வேலைக்கு நேர்காணல். வீடியோவுல. பிள்ளைக்காக வேலையை விட்டு ஏழு வருஷம் ஆச்சு, இது முதல் அழைப்பு. பழைய கம்ப்யூட்டர் போன வாரம்தான் உசிரை விட்டுச்சு. போன்ல பண்ணக்கூடாது, ஸ்கிரீன்ல அவங்க கொடுக்கிற வேலையைச் செஞ்சு காட்டணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கல. பிள்ளை தூங்கிடுச்சு. சாப்பாட்டு மேஜையைத் துடைச்சு, பெட்டியைப் பிரிச்சு, மூடியிருந்த காகிதத்தைக் கூட மடிச்சு வச்சாங்க. புது லேப்டாப்புக்கு ஒரு வாசனை உண்டு இல்ல... பிளாஸ்டிக்கும் சூடும் கலந்த மாதிரி. அக்கா மூக்கைச் சுளிச்சாங்க. 'என்னங்க, அந்துருண்டை வாசனை அடிக்குது? பீரோவுல வச்சிருந்தாங்களா உங்க ஆபீஸ்ல?'

அத்தான் குனிஞ்சு சார்ஜரைச் சொருகினார். அவருக்கும் அடிச்சுது அந்த வாசனை.

லேப்டாப் நல்லாத்தான் திறந்துச்சு. வைஃபை பேரு வந்துச்சு, பாஸ்வேர்டு போட்டாங்க, நாலு கோடும் நிறைஞ்சு நின்னுச்சு. ஆனா ஒரு பக்கமும் திறக்கல. வட்டம் சுத்திட்டே இருந்துச்சு. சரி, வீடியோ எப்படி வருதுன்னு பார்க்கலாம்னு அக்கா தம்பிக்குப் போட்டாங்க. அதான் என் ஃப்ரெண்டு. அவன் எடுத்தான். அக்கா முகம் பாதிக் கண்ணு மூடின மாதிரி அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. அவன் சிரிச்சான். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, 'அக்கா, உன் பின்னாடி நாற்காலி மேல என்ன அது... வெள்ளையா?'ன்னு கேட்டான்.

அக்கா திரும்பிப் பார்த்தாங்க. நாற்காலி காலியா இருந்துச்சு. லைன் கட் ஆயிடுச்சு.

அக்கா அதைப் பெருசா எடுத்துக்கல. 'ஊருக்கெல்லாம் நெட் சரி பண்றீங்க. நம்ம வீட்டுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக்கோங்க சார்'னு கிண்டல் பண்ணிட்டு, காலையில போடற புடவையை இஸ்திரி போட்டு மாட்டிட்டு, பதினொரு மணிக்குப் படுக்கப் போயிட்டாங்க. கதவுகிட்ட நின்னு, 'எப்படியாவது சரி பண்ணிடுங்க. இது போச்சுன்னா எனக்கு மறுபடி துணிவு வராது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அது அத்தானுக்கு நெஞ்சுல தைச்சுடுச்சு.

அத்தான் உட்கார்ந்தார். நமக்குத் தெரிஞ்ச படிதானே எல்லாம்... மனப்பாடம். போன்ல நெட் பார்த்தார், பறந்துச்சு. டிவியில பார்த்தார், பறந்துச்சு. லேப்டாப்புல மட்டும் வேகம் நூறு வர வேண்டிய இடத்துல ஒண்ணு கூட வரல. லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் ரவுட்டர் பெட்டிக்குப் பக்கத்துலயே வச்சார். மாறல. அந்த வைஃபையை மறந்துடுன்னு அழிச்சுட்டுப் புதுசா இணைச்சார். மாறல. பின்னாடி ஏதாவது அப்டேட் இழுக்குதான்னு பார்த்தார், எதுவும் இல்ல. ரெண்டு அலைவரிசை இருக்குமே, இதுலேர்ந்து அதுக்கு மாத்திப் பார்த்தார். மைக்ரோவேவ் ஓவனோட பிளக்கைக் கூட பிடுங்கிப் பார்த்தார். வைஃபைக்கான மென்பொருளை எடுத்துட்டு மறுபடி போட்டார். மணி பன்னெண்டு. வட்டம் சுத்திட்டே இருக்கு.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கவனிச்சீங்களா? நாம எல்லாரும் முதல்ல சொல்றது... பச்சைக் குழந்தை கூட சொல்லும். ரவுட்டர் பெட்டியை அணைச்சுட்டு, முப்பது செகண்டு பொறுத்துப் போடுங்க. அதை மட்டும் அத்தான் பண்ணல. சுவிட்சு கிட்ட ரெண்டு தடவை கை போச்சு, ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு. ரெண்டு மாசமா அந்தச் சுவிட்சை அவர் தொட்டதே இல்ல.

ஏன்னு சொல்றேன்.

அவர் எப்படி மின்னல் ஆனார்னு நினைக்கிறீங்க? தந்திரம் ஒண்ணுதான். ஆள் கூப்பிடுவாங்க. ரெண்டு கேள்வி கேட்பார். அப்புறம் சொல்லுவார்... 'பெட்டியை அணைச்சு ஒயரைப் பிடுங்கிடுங்க, உள்ள சூடு இறங்கணும். இருபது நிமிஷத்துல நானே கூப்பிடறேன். நான் சொல்றவரைக்கும் போடாதீங்க.' அவ்வளவுதான். போனை வச்சிட்டு, பிரச்சினை தீர்ந்ததுன்னு போட்டு மூடிடுவார். கூப்பிடவே மாட்டார். அரை மணி நேரம் பார்த்துட்டு ஜனங்களே போட்டுக்குவாங்க. பாதிப் பேருக்கு அதுலயே சரியாயிடும். மீதிப் பேரு மறுபடி கூப்பிட்டா வேற ஒருத்தன் தலையில விடியும்.

சிரிக்காதீங்க. நீங்களும் பண்ணியிருக்கீங்க. நானும் பண்ணியிருக்கேன். இந்த மாடியில பண்ணாதவன் யாருன்னு கையைத் தூக்கட்டும், பார்ப்போம்.

...ம்.

அப்படி ஒரு அம்மா. தனியா இருந்தவங்க. மகன் வேற நாட்டுல. வீட்டுக் கூடத்துல ஒரு சின்னக் கேமரா மாட்டியிருந்தான், தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா நடமாடறாங்களான்னு ஒரு பார்வை பார்த்துக்குவான். நெட் இழுத்து இழுத்து வருதுன்னு அந்த அம்மா ஒரே மாசத்துல ஒன்பது தடவை இங்க கூப்பிட்டிருக்காங்க. ஒன்பது தடவையும் வேற வேற ஆளு எடுத்திருக்கான். ஒன்பது தடவையும் தீர்ந்ததுன்னுதான் போட்டிருக்கு. ஒன்பதாவது எடுத்தது அத்தான்.

மத்தவங்க மாதிரி அந்த அம்மா அரை மணி நேரம் பார்த்துட்டுப் போட்டுக்கல. அவர் சொன்னார் இல்ல, நான் சொல்றவரைக்கும் போடாதீங்கன்னு... போடல. அன்னிக்கும் போடல, மறுநாளும் போடல. மகன் போன்ல கேட்டப்போ, 'கம்பெனித் தம்பி பார்த்துட்டிருக்கார், அவரே கூப்பிடறேன்னு சொல்லியிருக்கார்'னு சொல்லியிருக்காங்க. மூணாவது நாள் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. பெட்டியைப் போடாததால கேமராவும் அணைஞ்சு கிடக்கு. போன் கூடத்துல நாற்காலி மேல, பெட்டிக்குப் பக்கத்துல. எங்க இருந்தாலும் அவர் கூப்பிட்டா கேட்கணுமேன்னு சத்தத்தைக் கூட்டி வச்சிருந்தாங்களாம். அது அடிச்சது அவங்களுக்குக் கேட்டிருக்கும்... எந்திரிக்கத்தான் முடிஞ்சிருக்காது. மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரங்களைத் தேடிப் பிடிச்சுச் சொல்லி, கதவை உடைச்சப்போ ஆறாவது நாள்.

இது அத்தானுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, மகன் கனெக்ஷனை முடிச்சுக்கிட்டான். முடிச்சா பெட்டியைத் திருப்பி வாங்கணும்னு நம்ம விதி. வாங்கப் போன லைன்மேன் வந்து, கடைசியா பேசினது நீங்கதானேன்னு கேட்டு அத்தான் மேஜை மேல ஒரு மூட்டையை வச்சார். சலவை பண்ணின வெள்ளைத் துண்டு. தூசி படக்கூடாதுன்னு சுத்தி வச்சிருக்காங்க. பிரிச்சா, உள்ள பெட்டி. கண்ணாடி மாதிரி துடைச்சு. ஒயரை அழகாச் சுருட்டி, வெள்ளை நூல் போட்டு முடிச்சு. துண்டு முழுக்க அந்துருண்டை வாசனை. லைன்மேன் நின்ன இடத்துலயே நடந்ததைச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

யாரும் அத்தானைத் திட்டல. யாருக்கும் எதுவும் தெரியாது, ஏட்டுல தீர்ந்ததுன்னுதானே இருக்கு. மத்த எட்டுப் பேரு யாருன்னும் யாரும் தோண்டல. அன்னிக்கு ஷிப்டு முடிஞ்சப்புறம் அத்தான் மட்டும் உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கார். அஞ்சு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. கடைசியில அந்த அம்மா சொல்றாங்க, 'சரி தம்பி. நீங்க சொல்றவரைக்கும் தொடமாட்டேன். நீங்க சாப்பி...' அங்க கட் ஆகுது. இவர்தான் வச்சிருக்கார். சாப்பிட்டீங்களான்னு கேட்க வந்திருக்காங்க. அதைக் கூட முடிக்க விடல.

அடுத்த வாரம் இந்த ஹால்லயே எல்லாரையும் நிக்க வச்சு, அந்த மாசத்துலயே குறைஞ்ச நேரத்துல அதிகப் பிரச்சினையைத் தீர்த்தவர்னு அவருக்குச் சான்றிதழும் லேப்டாப்பும் கொடுத்தாங்க. நானும்தான் கை தட்டினேன். போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோவுல எல்லாரும் பல்லைக் காட்டிட்டு நிப்போம், அவர் மட்டும் தரையைப் பார்த்துட்டு நிப்பார். கூச்ச சுபாவம்னு பேசிக்கிட்டோம்.

இப்ப மறுபடி அந்த ராத்திரிக்கு வாங்க. மணி பன்னெண்டரை. அக்காவோட குரல் காதுல கேட்டுட்டே இருக்கு, இது போச்சுன்னா மறுபடி துணிவு வராதுன்னு. அத்தான் கண்ணை இறுக மூடிட்டுச் சுவிட்சை அணைச்சார். ஒயரையும் பிடுங்கிட்டார். பெட்டியில இருந்த மூணு பச்சை விளக்கும் போச்சு. வீடே கம்முனு ஆயிடுச்சு. மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சார். ஒண்ணு, ரெண்டு, மூணு...

பதினெட்டுல லேப்டாப்பைப் பார்த்தார். நாலு கோடும் அப்படியே நிறைஞ்சு நிக்குது. பெட்டி செத்துக் கிடக்கு... வைஃபை இருக்கு. வட்டம் சுத்துது, மெதுவா.

இருபத்தி ரெண்டுல போன் அடிச்சுது. தெரியாத எண்.

ஏன் எடுத்தார்னு அவருக்கே தெரியல. கை பழக்கத்துல எடுத்துடுச்சு, வாய் பழக்கத்துல பேசிடுச்சு. 'வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?'

எங்கயோ ஒரு ஃபேன் சுத்தற சத்தம். ஒவ்வொரு சுத்துக்கும் கிரீச்... கிரீச்...

'தம்பி, நான்தான். நீங்க சொன்ன மாதிரியே அணைச்சு வச்சிருக்கேன். இப்ப போடலாமா?'

கோபமே இல்ல அந்தக் குரல்ல. அதுதான் அவரைக் கொன்னுச்சு. உரிமையா ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் கால்ல விழுந்திருப்பார். அந்த அம்மா தொந்தரவு பண்றோமோன்னு தயங்கித் தயங்கிக் கேட்கறாங்க.

போடுங்கம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆனா அதைச் சொன்னா அடுத்த கேள்வி வரும் இல்ல, ஏன் தம்பி இத்தனை நாளா கூப்பிடலன்னு. அந்தக் கேள்விக்கு எந்த மூஞ்சியை வச்சுட்டுப் பதில் சொல்றது? பயம் இல்லைன்னு அத்தான் சத்தியம் பண்ணிச் சொன்னார். பயந்திருந்தா கத்தியிருப்பார். வெட்கம். உடம்பெல்லாம் கூசற வெட்கம். அந்த வெட்கத்துல அவர் வாயிலேர்ந்து என்ன வந்துச்சு தெரியுமா?

'இன்னும் கொஞ்சம் சூடு இறங்கணும்மா. இருபது நிமிஷத்துல நானே கூப்பிடறேன்.'

'சரி தம்பி. நீங்க சொல்றவரைக்கும் தொடமாட்டேன். நீங்க சாப்பி...'

வச்சிட்டார். மறுபடியும், அதே இடத்துல.

செத்தவங்களே வந்து இன்னொரு தடவை கேட்டும், மனுஷன் அதையேதான் பண்ணார். அதை என்கிட்ட சொல்றப்போ அவர் தலை நிமிரவே இல்ல. 'நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சுப்பா'ன்னார்.

ஒயரைச் சொருகலாம்னு திரும்பினார். பெட்டி இருந்த அலமாரியில பெட்டி இல்ல. பின்னாடி நாற்காலி மேல இருந்துச்சு... வெள்ளைத் துண்டுல சுத்தி. ஒயர் அழகாச் சுருட்டி, வெள்ளை நூல்ல முடிச்சு போட்டு. துண்டு இன்னும் இளஞ்சூடா இருந்துச்சாம், இப்பதான் இஸ்திரி போட்ட மாதிரி. அக்காவோட இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அது ஜில்லுனு இருந்துச்சு.

அக்கா எந்திரிச்சு வந்தப்போ விடியற்காலை அஞ்சரை. அத்தான் தரையில உட்கார்ந்திருக்கார், மடியில அந்த மூட்டை. பிரிக்கல. சான்றிதழ் தலைக்கு மேல தொங்குது. என்னங்க ஆச்சுன்னு கேட்டதுதான் தாமதம், மனுஷன் குழந்தை மாதிரி அழுதுட்டே எல்லாத்தையும் கொட்டிட்டார். தந்திரம், ஒன்பது கால், குளியலறை, கை தட்டல், லாக்கர்ல வச்சுட்டுச் சொன்ன பொய், ராத்திரி மறுபடி பேச்சை முடிக்க விடாம போனை வச்சது வரைக்கும். அக்கா முழுசாக் கேட்டாங்க. ஆறுதல் சொல்லல. எந்திரிச்சுப் போய்ச் சான்றிதழைக் கழட்டி, கண்ணாடிப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி அலமாரி மேல படுக்கப் போட்டாங்க. ஆணி மட்டும் சுவத்துல நின்னுச்சு.

'கூப்பிடுங்க'ன்னாங்க.

அந்த நம்பர் இப்ப இல்லைன்னார் அத்தான். அந்த நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதி ரெண்டு மாசமா பர்ஸுக்குள்ள வச்சிருந்தார். கூப்பிடவும் முடியாம, கிழிச்சுப் போடவும் முடியாம. ஒரே ஒரு தடவை பட்டப் பகல்ல போட்டுப் பார்த்திருக்கார். உபயோகத்தில் இல்லைன்னு ரெக்கார்டு குரல்தான் வந்துச்சு. கேட்டதும் ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதிக்கும் சேர்த்து வெட்கப்பட்டாராம்.

'இருபது நிமிஷம்னு சொன்னீங்கல்ல? அஞ்சு மணி நேரம் ஆச்சு. எனக்கு வேலை கிடைக்கலைன்னா பரவாயில்ல. நீங்க கூப்பிடுங்க.'

அத்தான் போட்டார். ரெக்கார்டு குரல் வரல. மணி அடிச்சுது... ஒரு மணி கூட முழுசா அடிக்கல. பாதியிலயே எடுத்துட்டாங்க. போன் மேலயே கையை வச்சுட்டு உட்கார்ந்திருந்த மாதிரி.

'சொல்லுங்க தம்பி.'

'அம்மா...' அத்தான் மடியில இருந்த மூட்டையை அணைச்சுப் பிடிச்சார். 'அம்மா, நான் கூப்பிடறேன்னு சொல்லிட்டு கூப்பிடல. வேணும்னேதான் கூப்பிடல. என்னை மன்னிச்சுடுங்க. போட்டுக்கங்கம்மா. இப்ப போட்டுக்கங்க.'

ஃபேன் சத்தம்... கிரீச், கிரீச். நாற்காலி நகர்ற சத்தம். நூல் முடிச்சை அவிழ்க்கிற மாதிரி நகத்தால சுரண்டற சத்தம், பொறுமையா, ரொம்ப நேரம். அப்புறம் டக்குனு ஒரு சுவிட்சு. அக்காவும் கேட்டாங்க, பக்கத்துல நின்னு.

'ஒண்ணு எரியுது தம்பி... ரெண்டு... மூணும் எரியுது. பச்சையா.'

அத்தான் மடியில துண்டு வழியா வெளிச்சம் தெரிஞ்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒயர் சுருட்டினது சுருட்டினபடியே இருக்கு, எங்கயும் சொருகல. மேஜை மேல லேப்டாப்புல அந்த வட்டம் நின்னுச்சு. ராத்திரியிலேர்ந்து திறக்காத பக்கமெல்லாம் மடமடன்னு ஒண்ணு மேல ஒண்ணா திறந்துச்சு.

'நீங்க சாப்பிட்டீங்களா தம்பி?'

இந்தத் தடவை முழுசாக் கேட்டாங்க. இல்லம்மான்னு சொன்னார் அத்தான்.

'சாப்பிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன். நீங்க மட்டும் வச்சிடாதீங்க.'

அவர் வைக்கல.

ஒன்பது மணிக்கு நேர்காணல் நல்லபடியா நடந்துச்சு. அக்காவுக்கு வேலை கிடைச்சுடுச்சு, இப்பவும் அங்கதான் போறாங்க. அத்தான் மறுவாரமே இங்கேர்ந்து நின்னுட்டார். ஒரு மரக்கடையில வேலை பார்க்கிறார். பலகையை இழைச்சுட்டு, யார்கிட்டயும் அதிகம் பேசறதில்ல. அந்தப் போன்ல வேற யாரையும் கூப்பிடறதும் இல்ல... முடியாதே. லைன் இன்னும் ஓடிட்டிருக்கு.

நம்ப வேண்டாம். நானும் நம்பல. என் ஃப்ரெண்டு சொன்னப்போ கேலிதான் பண்ணேன். போன ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். இதெல்லாம் அன்னிக்கு அவர் வாயாலயே கேட்டதுதான். சொல்லி முடிச்சுட்டு அவர் குளிக்கப் போனார். அக்கா சமையலறையில. கூடத்துல நான் மட்டும். நாற்காலி மேல மடிச்ச வெள்ளைத் துண்டு, அது மேல அந்தப் போன், மல்லாக்க. பேசற நேரம் ஓடிட்டிருந்துச்சு. எட்டாயிரத்து இருபது மணி நேரம், சொச்சம் நிமிஷம், செகண்டு... ஓடுது. ஆறு நிமிஷத்துக்கு மேல யார்கிட்டயும் பேசாத மனுஷன். சார்ஜர் எங்கன்னு தேடினேன். சொருகவே இல்ல.

ஏன் எடுத்தேன்னு கேட்காதீங்க. சும்மா ஒரு இது. எடுத்துக் காதுல வச்சேன். போன்லேர்ந்து வாசனை வருமா? வந்துச்சு. அந்துருண்டை. உள்ள ஃபேன் சுத்திட்டிருந்துச்சு, கிரீச்... கிரீச்... வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் மெதுவா, 'ஹலோ'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஃபேன் நின்னுடுச்சு.

ரொம்பக் கிட்ட, காதுக்குள்ளயே... கோபமே இல்லாம...

'இந்தக் குரலும் எனக்குத் தெரியும் தம்பி. நீங்களும் இருபது நிமிஷம்னுதான் சொன்னீங்க.'